கையில் இருக்கும் எலும்புக்குக் காலில் எது ஜோடி?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். "கையும் காலும் ஒரே எலும்பு அமைப்பு என்கிறார்கள். மேலே ஒன்று, கீழே இரண்டு, அப்புறம் சின்னச் சின்னதாக நிறைய, கடைசியில் ஐந்து விரல். அப்படியானால் கையின் எந்த எலும்புக்குக் காலில் எது ஜோடி? எண்ணிக்கையும் ஒன்றுதானா? ஒரு புத்தகத்தில் ஆளுக்கு 30 என்று இருக்கிறது, இன்னொன்றில் கைக்கு 32, காலுக்கு 31. ஒரே அமைப்பு என்றால் முழங்கை ஒரு பக்கமும் முழங்கால் எதிர்ப்பக்கமும் ஏன் மடங்குகின்றன?" கடைசியில் விளையாட்டாக ஒன்று: "இதில் ஓர் எலும்பைக் கழற்றிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எதைக் கொடுக்கலாம்?"

நாலு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான், எதற்கு எது ஜோடி என்பது. அது சரியாக அமைந்துவிட்டால் முழங்கை முழங்கால் சிக்கல் தானாக அவிழும். அதில் தப்பினால் எல்லாமே குழம்பும். உடற்கூறியல் வகுப்பில் பல வருடங்களாக மாணவர்கள் கையில் எலும்பைக் கொடுத்து "இது எது, வலதா இடதா" என்று கேட்டுக்கொண்டிருப்பவன் நான். முறிந்த எலும்புக்கு வைத்தியம் பார்ப்பவன் இல்லை, அதனால் அந்தப் பக்கம் அதிகம் போகப்போவதில்லை. உறுதியாகத் தெரிந்தது எது, இன்னும் வாதத்தில் இருப்பது எது என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் பார்த்த இரண்டு புத்தகமும் சரிதான், எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். தோளுக்குக் கீழே தொங்கும் கையை மட்டும் எண்ணினால் ஹியூமரஸ் எனப்படும் மேற்கை எலும்பு 1, முன்கையில் ரேடியஸ், அல்னா என 2, மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14, ஆக 30. காலில் தொடை எலும்பு 1, முட்டிச்சில்லு 1, முழங்காலுக்குக் கீழே டிபியா, ஃபிபுலா என 2, கணுக்காலும் பின்பாதமுமாகச் சேர்த்து 7, நடுப்பாதத்தில் 5, விரல்களில் 14, அதுவும் 30. தோள்பட்டை எலும்பையும் காறை எலும்பையும் கையோடு சேர்த்தால் 32 ஆகிவிடும். காலோடு இடுப்பு எலும்பு ஒன்றைச் சேர்த்தால் 31. அந்த 30க்கு 30 பொருத்தத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மணிக்கட்டில் ஒன்று கூடுதல், காலில் முட்டிச்சில்லு கூடுதல், கூட்டினால் ஒன்றாக வந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டு கைகளின் மணிக்கட்டிலிருந்து கீழேயும் இரண்டு பாதங்களிலும் இருப்பதை மட்டும் எண்ணினால் 106 வரும். உடம்பில் உள்ள 206இல் பாதிக்கும் மேல் இந்த நாலு நுனிகளில்தான் இருக்கிறது.

ஆனால் இந்த 206 எல்லோருக்கும் அச்சடித்த மாதிரி இருக்காது. காலின் சுண்டுவிரலில் மூன்று எலும்பு இருக்க வேண்டும். பலருக்குக் கடைசி இரண்டும் ஒட்டிப்போய் இரண்டுதான் இருக்கும், அதனால் ஒரு குறையும் இல்லை. பெருவிரலின் அடியில் பட்டாணி அளவில் இரண்டு எலும்புகள் தசைநாணுக்குள் புதைந்திருக்கின்றன, ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு, ஆனாலும் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதே மாதிரி தசைநாணுக்குள் உருவாகும் முட்டிச்சில்லைச் சேர்க்கிறோம். பெரிதாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. எண்ணிக்கை என்பது கொஞ்சம் நம் வழக்கத்தைப் பொறுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஜோடிக்கு வருவோம். மேற்கை எலும்புக்குத் தொடை எலும்பு, இதில் சந்தேகமே இல்லை. சிக்கல் அடுத்த கட்டத்தில். முன்கையில் இரண்டு, கீழ்க்காலில் இரண்டு, எதற்கு எது? புதிதாக வரும் மாணவர்களில் பெரும்பாலானோர் அல்னாவுக்கு டிபியா என்றுதான் சொல்வார்கள். அவர்கள் காரணமும் மோசமில்லை. முழங்கையின் கீல் அல்னாவில் இருக்கிறது, முழங்காலின் கீல் டிபியாவில் இருக்கிறது. முழங்கை நுனியிலிருந்து சுண்டுவிரல் பக்கமாகத் தடவிக்கொண்டே போனால் அல்னாவின் விளிம்பு தோலுக்கு அடியிலேயே நீளமாகத் தட்டுப்படும், கீழ்க்காலின் முன்பக்கம் தடவினால் டிபியாவின் விளிம்பு அதே மாதிரி தட்டுப்படும். ஆனாலும் அது தப்பு. டிபியாவுக்கு ஜோடி ரேடியஸ், ஃபிபுலாவுக்கு ஜோடி அல்னா. எப்படிச் சொல்கிறோம் என்றால், கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், பெருவிரல் பக்கம் இருப்பது டிபியா. சுண்டுவிரல் பக்கம் அல்னா, அங்கே ஃபிபுலா. விரல்களை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணும்போது கட்டைவிரலும் பெருவிரலும்தான் ஒன்று, இரண்டிலும் எலும்பு இரண்டே, மற்ற விரல்களில் மூன்று.

இங்கே உடனே ஒரு முட்டுக்கட்டை வரும். நேராக நின்று உள்ளங்கை முன்னால் பார்க்கும்படி கையைத் தொங்கவிட்டால் கட்டைவிரல் வெளிப்பக்கம் இருக்கும். பெருவிரலோ உள்பக்கம் இருக்கிறது. ஜோடி என்று சொல்லிவிட்டு எதிரெதிர்ப் பக்கம் வைத்தால் எப்படி?

இதற்குப் பதில் படிப்பதை விடச் செய்து பார்த்தால் சீக்கிரம் புரியும். ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்து, வலது முன்கையை மேஜைமேல் வைத்து உள்ளங்கையை மேலே பார்க்க விடுங்கள். இடது கையால் முழங்கையின் பின் நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது உள்ளங்கையைக் குப்புறத் திருப்புங்கள். முழங்கை நுனி, அதாவது அல்னாவின் தலைப்பு, இருந்த இடத்தில் இருக்கும். அடுத்து இடது கட்டைவிரலை முழங்கையின் வெளிப்பக்கம் துருத்தும் எலும்புக்கு ஓர் அங்குலம் கீழே, அந்தச் சின்னப் பள்ளத்தில் அழுத்திவைத்து, மறுபடி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருளும். அது ரேடியஸின் தலை. மேல்முனை நின்ற இடத்திலேயே சுழல, கீழ்முனை அல்னாவைக் குறுக்கே தாண்டி மறுபக்கம் போகிறது, கை அதோடு போகிறது. குப்புறக் கிடக்கும் கையை இப்போது பாருங்கள், கட்டைவிரல் உள்பக்கம் வந்துவிட்டது. பாதம் தரையில் இருக்கும் நிலையும் இதுதான்: உள்ளங்கால் கீழே, விரல்கள் முன்னால், பெருவிரல் உள்பக்கம். கவிழ்த்து வைத்த கையைத்தான் நாம் பாதம் என்கிறோம் என்று வகுப்பில் சொல்வேன், ஏறக்குறைய சரிதான்.

ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம், கையில் இந்தக் கவிழ்ப்பு முன்கையில் நடக்கிறது, தேவைப்படும்போது நடக்கிறது, திரும்பவும் பழைய நிலைக்கு வருகிறது. காலில் அது பிறப்பதற்கு முன்பே, தொடை மட்டத்திலிருந்தே நடந்து முடிந்துவிட்டது. கருவின் நாலாவது வாரத்தில் உடம்பின் பக்கவாட்டில் துடுப்பு மாதிரி கை மொட்டு தோன்றும், ஓரிரு நாள் கழித்துக் கால் மொட்டு. ஆரம்பத்தில் இரண்டும் ஒரே வாட்டத்தில்தான் இருக்கும், கட்டைவிரல் வரப்போகும் விளிம்பும் பெருவிரல் வரப்போகும் விளிம்பும் தலைப்பக்கம். கைகளை இரண்டு பக்கமும் நீட்டி, உள்ளங்கை முன்னாலும் கட்டைவிரல் மேலேயும் பார்க்க வைத்தால் அந்த நிலை கிடைக்கும். கால்களும் அதே மாதிரி பக்கவாட்டில் நீண்டு, பெருவிரல் மேலேயும் உள்ளங்கால் முன்னாலும் இருப்பதாகக் கற்பனை மட்டும் செய்துகொள்ளுங்கள், முயற்சி செய்ய வேண்டாம். இதற்கப்புறம் கை வெளிப்பக்கமாக ஏறக்குறைய 90 டிகிரி திரும்புகிறது, அதனால் முழங்கை பின்னால் பார்க்கிறது. கால் உள்பக்கமாக ஏறக்குறைய 90 டிகிரி திரும்புகிறது, அதனால் முழங்கால் முன்னால் பார்க்கிறது, பெருவிரலும் உள்பக்கம் வந்துவிடுகிறது. உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில் இதுதான். முழங்கையும் முழங்காலும் எதிரெதிராக மடங்கும்படி வேறுவேறாகச் செய்யப்பட்டவை இல்லை. ஒரே மாதிரி தொடங்கி எதிரெதிராகத் திருகப்பட்டவை. திருகலின் தடயம் இன்னும் உடம்பில் இருக்கிறது. முதுகுத்தண்டிலிருந்து காலின் தோலுக்கு வரும் நரம்புகள் ஒவ்வொன்றும் தனக்கான பட்டையைத் தொடையிலிருந்து பாதம் வரை நேராகப் போடாமல், துணி பிழிந்த மாதிரி சுற்றிச் சுற்றிப் போட்டிருக்கும்.

இதுவரை சொன்னது உறுதி. இனி ஒரு சுவாரசியமான இடம். முன்கையில் இரண்டு எலும்பும் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. முழங்கையில் பெரிய ஆள் அல்னா, மணிக்கட்டுக்கு வரும்போது அது மெலிந்து ஒதுங்கிவிடும், அங்கே பெரிய ஆள் ரேடியஸ். ஒன்று மேலே தடித்துக் கீழே மெலிகிறது, இன்னொன்று மேலே மெலிந்து கீழே தடிக்கிறது. கீழே விழும்போது கையை ஊன்றினால் பெரும்பாலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸ் உடைவது இதனால்தான். 1814இல் ஆபிரகாம் காலிஸ் விவரித்த முறிவு, இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கீழ்க்காலில் இந்தப் பங்கீடே கிடையாது. டிபியா மேலும் கீழும் தானே பெரிய ஆள். ஃபிபுலா முழங்கால் மூட்டுக்குள் நுழைவதுகூட இல்லை, டிபியாவின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கி, கணுக்காலின் வெளிப்புறக் குமிழாக முடிகிறது. எடையில் சிறு பங்குதான் அதன் தலையில். திருகல் தொடையிலேயே முடிந்துவிட்டதால் டிபியாவும் ஃபிபுலாவும் ஒன்றையொன்று தாண்ட வேண்டிய தேவையில்லை, அதனால் இணையாகவே இருக்கின்றன. கையில் சுழற்சி வேண்டும், அதற்கு இரண்டு எலும்பு வேண்டும். காலில் ஒரு தூண் போதும்.

தோளும் இடுப்பும் கதையைக் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கின்றன. இரண்டுமே பந்துக் கிண்ண மூட்டு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். தொடை எலும்பின் தலை ஒரு கோளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மேற்கை எலும்பின் தலை கோளத்தில் மூன்றில் ஒரு பங்குதான், அது சாய்ந்திருக்கும் இடத்தைக் கிண்ணம் என்பதே மரியாதைக்காக. தட்டு என்றால் பொருத்தமாக இருக்கும். அந்தத் தட்டு இருக்கும் தோள்பட்டை எலும்பும் விலா எலும்புக் கூட்டின் மேல் தசைகளில் மிதக்கிறது. கையை உடம்பின் நடுக்கூட்டோடு எலும்பால் பிணைக்கும் ஒரே இடம், காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடும் அந்த மூட்டுதான். கழுத்துக்குழியின் இரு பக்கமும் விரல் வைத்துத் தோளைத் தூக்கிப் பாருங்கள், அசைவது தெரியும். இடுப்பிலோ எலும்புகள் வளையமாக மூடி முதுகெலும்போடு கெட்டியாகப் பூட்டப்பட்டிருக்கின்றன. பெரிய மூட்டுகளில் அதிகமாக நழுவுவது தோள்தான். வளர்ந்த ஆளின் இடுப்பு நழுவ வாகனம் மோதுகிற அளவுக்கு அடி வேண்டும். "கைக்கு அசைவு, காலுக்கு உறுதி" என்று எல்லோரும் சொல்வது இந்த அளவில் முழு உண்மை.

முட்டிச்சில்லுக்குக் கையில் ஜோடி எது என்று கேட்டால், இங்கேதான் உறுதி குறைகிறது. முழங்கையின் பின் நுனிதான் என்று வெகுநாளாகச் சொல்லி வருகிறார்கள். வேலையைப் பார்த்தால் சரிதான்: இரண்டும் மூட்டை நீட்டும் தசைக்கு நெம்புகோல் மாதிரி உதவுகின்றன. ஆனால் முழங்கை நுனி அல்னாவின் சொந்தப் பகுதி, முட்டிச்சில்லு தனி எலும்பு. பிறந்த குழந்தையின் முட்டியை எக்ஸ்ரே எடுத்தால் சில்லு தெரியாது, அங்கே குருத்தெலும்புதான். 3 முதல் 6 வயதுக்குள் எலும்பாகத் தொடங்கும். போதாததற்கு, நான் சொன்ன ஜோடிப்படி முழங்கை நுனி ஃபிபுலா பக்கத்தைச் சேர்ந்தது, சில்லு கட்டப்பட்டிருப்பது டிபியாவில். வேலை ஒன்று, வம்சம் வேறு என்று வைத்துக்கொள்வதுதான் என் கட்சி.

மணிக்கட்டின் எட்டையும் கணுக்காலின் ஏழையும் ஜோடி சேர்ப்பதில் பாதி உறுதி, பாதி தகராறு. விரல்களை ஒட்டிய வரிசை அழகாகப் பொருந்தும். கையில் நாலாவது, ஐந்தாவது விரல்களின் உள்ளங்கை எலும்புகள் இரண்டையும் ஹேமேட் என்ற ஒரே எலும்பு தாங்குகிறது. பாதத்திலும் நாலையும் ஐந்தையும் கியூபாய்டு என்ற ஒரே எலும்பு தாங்குகிறது. ஒன்று, இரண்டு, மூன்றுக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொன்று. முதன்முதலில் இரண்டு எலும்புக்கூட்டையும் பக்கத்தில் வைத்து இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. முழங்கைப் பக்கத்து வரிசைதான் பிரச்சினை, அங்கே எது எதோடு சேர்ந்து எதுவானது என்பதில் ஆளுக்கொரு கருத்து. குதிகால் எலும்புக்கு ஜோடி மணிக்கட்டின் பட்டாணி எலும்பு என்பாரும் உண்டு. உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டு மடிப்பில் தொட்டால் உருண்டையாக நகருமே, அதுதான் பட்டாணி எலும்பு. மனிதனில் இவ்வளவு சின்னதாக இருப்பது பல பாலூட்டிகளில் நீண்டு பின்னால் துருத்திக்கொண்டு குதிகால் மாதிரியே இருக்கும் என்பது இந்தக் கருத்துக்குப் பலம். ஆனால் அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

ஒரே உறுப்புகள் என்றாலும் அளவை எப்படி மாற்றியிருக்கிறது என்று பாருங்கள். கையில் மணிக்கட்டுதான் குட்டைப் பகுதி, விரல்கள் ஏறக்குறையப் பாதி நீளத்தை எடுத்துக்கொள்கின்றன. பாதத்தில் தலைகீழ், பின்பாத எலும்புகள் பாதி நீளம், விரல்கள் ஏதோ ஞாபகார்த்தமாக. உடம்பின் மொத்த எடையையும் வாங்கிப் பாதத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் டேலஸ் எலும்பில் ஒரு தசைகூட ஒட்டுவதில்லை என்பது பரீட்சைக்கு வரும் பிரியமான கேள்வி. முக்கியமான வேறுபாடு முதல் விரலில் இருக்கிறது. கட்டைவிரலின் அடி மூட்டு குதிரைச் சேணம் மாதிரி வளைந்தது, அதனால் அது மற்ற நாலு விரல்களையும் தொட முடிகிறது. பெருவிரலைப் பக்கத்து விரலோடு ஜவ்வு கட்டிப்போட்டிருக்கிறது, முன்னோக்கி உந்துவதுதான் அதன் வேலை. சிம்பன்சியின் காலில் அந்தக் கட்டு இல்லை, பெருவிரல் விலகி நின்று கிளையைப் பிடிக்கும். தான்சானியாவின் லேட்டோலியில் 1978இல் கண்டுபிடித்த, ஏறக்குறைய 36 லட்சம் வருடம் பழைய காலடித் தடங்களில் பெருவிரல் நம்முடையது மாதிரி மற்ற விரல்களோடு ஏறக்குறைய ஒட்டியே போகிறது. ஆக, பாதம் மாறியது ரொம்பப் பழைய கதை.

இவ்வளவு பொருத்தம் எங்கிருந்து வந்தது? கைக்கும் காலுக்கும் உள்ள ஒப்புமையைப் பற்றி 1774இலேயே பிரெஞ்சு உடற்கூறியலாளர் ஃபெலிக்ஸ் விக் தசீர் எழுதிவிட்டார், அதனால் இது பழைய கேள்வி. கரு வளரும்போது கை மொட்டும் கால் மொட்டும் பெரும்பாலும் ஒரே மரபணுக்களைத்தான் பயன்படுத்துகின்றன என்பது உறுதி. கையாக்கும் பக்கம் டிபிஎக்ஸ் 5, காலாக்கும் பக்கம் டிபிஎக்ஸ் 4, பிட்எக்ஸ் 1 என்று சில மட்டும் வேறு. கோழிக் கருவின் இறக்கை மொட்டில் பிட்எக்ஸ் 1ஐ வேலை செய்ய வைத்தபோது அது காலின் சாயலுக்கு மாறியது, 1999இல் வெளிவந்த சோதனை. மனிதரில் டிபிஎக்ஸ் 5 பழுதானால் வரும் ஹோல்ட்-ஓரம் நோய்க்குறியில் கட்டைவிரலும் முன்கை எலும்பும் இதயமும் பாதிக்கப்படும், கால் எலும்புகள் தப்பித்துவிடும். இது வரைக்கும் சரி. ஆனால் ஆதியில் ஒரே உறுப்பு இரண்டாகப் பிரதியெடுக்கப்பட்டதா, இல்லை மீன் துடுப்புகளாக வேறுவேறாக இருந்தவை ஒரே மரபணுத் திட்டத்தைக் கடன் வாங்கிப் பிற்காலத்தில் ஒன்றுபோல ஆயினவா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்கு இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வு, ஏனென்றால் பழைய மீன் படிமங்களில் முன்துடுப்பும் பின்துடுப்பும் பார்க்க இவ்வளவு ஒற்றுமையாக இல்லை. இது என் சாய்வு மட்டும்தான், தீர்ப்பு இல்லை.

கால் எலும்பு தடிமன், கை எலும்பு மெலிசு என்பதில் எவ்வளவு பிறவியிலேயே வந்தது, எவ்வளவு பயன்பாட்டால் வந்தது என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டும் உண்டு. பயன்பாட்டின் பங்குக்கு நல்ல சாட்சி டென்னிஸ் ஆட்டக்காரர்கள்: சிறுவயதிலிருந்து ஆடியவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மற்றக் கையை விடத் தெளிவாகத் தடித்திருக்கும். மறுபக்கச் சாட்சி விண்வெளி வீரர்கள். எடை இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும்போது இடுப்புப் பக்கத்து எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது, கை எலும்புகளில் மாற்றம் சொல்லும்படி இருப்பதில்லை. கை எலும்பு எப்போதுமே எடை தாங்கிப் பழகியதில்லை, அதனால் இழப்பதற்கும் அங்கே அதிகம் இல்லை. இன்னொன்று: பிறந்த குழந்தையின் தொடை எலும்பு நேராகத்தான் இருக்கும். முழங்கால் உள்பக்கம் வரும்படியான அந்தச் சாய்வு, நடக்கப் பழகப் பழகத்தான் உருவாகிறது.

நீளம் வளரும் இடத்திலும் கையும் காலும் எதிரெதிர். கையில் பெரும்பகுதி வளர்ச்சி முழங்கையை விட்டுத் தள்ளி, தோள் பக்கமும் மணிக்கட்டுப் பக்கமும். மேற்கை எலும்பின் நீளத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் தோள் பக்கத்து முனையில் வருகிறது. காலில் முழங்காலைச் சுற்றியே பெரும்பகுதி, தொடை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் முழங்கால் பக்கத்து முனையில். குழந்தைகளுக்கு முழங்கால் அருகே அடிபட்டால் டாக்டர்கள் இவ்வளவு கவனமாகப் பார்ப்பது இதனால்தான்.

இணை என்பதற்கு எனக்குப் பிடித்த கடைசி உதாரணம் எலும்பே இல்லை, எலும்பை ஒட்டிப் போகும் நரம்பு. முழங்கையின் உள்பக்கக் குமிழுக்குப் பின்னால் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்குமே, அது எலும்போடு ஒட்டிக்கொண்டு தோலுக்கடியில் ஓடும் அல்னா நரம்பு. காலிலும் அதே மாதிரி ஒரு நரம்பு ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம், தோலுக்கு அடியில் போகிறது. காலைக் காலின்மேல் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் பாதத்தைத் தூக்க வராமல் தொங்குவது சில சமயம் அந்த நரம்பு நசுங்கியதால்தான்.

கடைசியாக, எதைக் கழற்றிக் கொடுக்கலாம். காறை எலும்பு ஒரு வேட்பாளர். பிறவியிலேயே அது இல்லாத அல்லது அரைகுறையாக உள்ளவர்கள் இருக்கிறார்கள், கையும் வேலை செய்கிறது. இரண்டு தோளையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து ஒன்றோடொன்று தொடவைக்கக்கூட அவர்களில் சிலரால் முடியும். ஆனால் என் ஓட்டு ஃபிபுலாவுக்கு, முழுவதற்கும் இல்லை. கணுக்கால் குமிழும் அதற்கு மேலே சில சென்டிமீட்டரும் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கணுக்கால் ஆடிவிடும். மேல்முனையையும் விட்டுவிடுவார்கள், அந்த நரம்பு அங்கேதானே சுற்றிப் போகிறது. நடுத்தண்டு போனால் நடப்பதற்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. இது வெறும் விளையாட்டுக் கேள்வி என்று நினைக்க வேண்டாம், அறுவை மருத்துவர்கள் நிஜமாகவே எடுக்கிறார்கள். புற்றுநோயால் கீழ்த்தாடை எலும்பை எடுக்க வேண்டிவந்தவருக்கு, ஃபிபுலாவின் நடுப்பகுதியை அதன் ரத்தக் குழாயோடு வெட்டி, இரண்டு மூன்று இடத்தில் அறுத்துத் தாடையின் வளைவுக்கு மடக்கி, கழுத்து ரத்தக் குழாயோடு தைத்துவிடுவார்கள். பிறகு அதிலேயே செயற்கைப் பல்லும் ஊன்றலாம்.